பத்து எச்.பி. கம்ப்ரஸர்: பிஸ்டனா, ஸ்க்ரூவா?

கம்ப்ரஸர் மாற்றப் போகும் சின்ன ஒர்க்‌ஷாப்காரர் முதலில் விலையைக் கேட்பார், அடுத்து எத்தனை எச்.பி. என்பார். இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒரு மணி நேரத்தில் உங்கள் மெஷின்கள் எத்தனை நிமிஷம் காற்று இழுக்கின்றன? எதை வாங்குவது என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் போய் வந்து காற்றை அமுக்கும் பிஸ்டன் கம்ப்ரஸர் ஓய்வெடுத்து ஓட வேண்டிய மெஷின். பத்து நிமிஷத்தில் ஆறு, ஏழு நிமிஷம் ஓடலாம். மீதி நேரம் சிலிண்டர் ஹெட் ஆறியாக வேண்டும். விடாமல் ஓட்டினால் ஆயில் கருகி வால்வு பிளேட்டில் கரி கட்டும், ரிங் தேயும், காற்றோடு ஆயிலும் லைனுக்கு வந்துவிடும். திருகு போன்ற இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றை அமுக்கும் ஸ்க்ரூவில் ஆயில் உள்ளேயே பாய்ந்து சூட்டை வாங்கிக்கொள்வதால் 80, 90 டிகிரியில் மூன்று ஷிஃப்டும் ஓடும். சத்தமும் குறைவு.

அப்புறம் என்ன, ஸ்க்ரூவே வாங்கிவிடலாமே என்று கிளம்புகிறவர்கள்தான் கரண்ட் பில்லில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். டேங்க் நிரம்பியதும் பிஸ்டனின் மோட்டாரை பிரஷர் ஸ்விட்ச் நிறுத்திவிடும். வி.எஃப்.டி. (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இல்லாத ஸ்க்ரூ உடனே நிற்காது, அன்லோடில், அதாவது காற்றை அமுக்காமல் சும்மா சுற்றும். அப்போதும் முழு லோடில் கால் பங்கிலிருந்து 40 சதவீதம் வரை மின்சாரம் போகும். 10 எச்.பி. என்றால் 7.5 கிலோவாட், ஒரு நாளில் ஐந்து மணி நேரம் அன்லோடில் சுற்றினால் பத்துப் பன்னிரண்டு யூனிட் வீண். இதை விட மோசம், கொஞ்ச கொஞ்ச நேரமே ஓடும் ஸ்க்ரூவில் ஆயில் சரியாகச் சூடேறாது. காற்றிலிருக்கும் ஈரம் ஆவியாகப் போகாமல் ஆயிலில் தங்கி, ஆயில் பால் நிறமாகி, பேரிங்கில் துரு பிடிக்கும். டயர் கடைக்கும், அவ்வப்போது பின் கன் அடிக்கும் தச்சுப் பட்டறைக்கும் பிஸ்டனே போதும். மூன்று சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) ஓடும் இடம், பவுடர் கோட்டிங் பூத் என்றால் யோசிக்காமல் ஸ்க்ரூ.

கேட்டலாக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. பிஸ்டனுக்குப் போடும் சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று) பெரும்பாலும் சிலிண்டர் அளவை வைத்துச் சொல்வது. வெளியே வருவது அதில் முக்கால் பங்கு இருந்தாலே நல்லது. கேட்க வேண்டியது எஃப்.ஏ.டி., அதாவது நிஜமாக வெளியே வரும் காற்று எத்தனை என்று. பழைய மெஷினை நீங்களே சோதிக்கலாம். டேங்க்கைக் காலி செய்து, அவுட்லெட் வால்வை மூடி, 7 பார் ஏற எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். 500 லிட்டர் டேங்க் 4 நிமிஷத்தில் நிரம்பினால் சுமார் 31 சி.எஃப்.எம். அதே 10 எச்.பி.யில் ஸ்க்ரூ ஏறக்குறைய 40 தரும். போன வருஷம் 4 நிமிஷம், இப்போது 6 என்றால் ரிங்கையோ வால்வு பிளேட்டையோ பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

ரிப்பேர் விஷயத்தில் என் ஓட்டு பிஸ்டனுக்கு. கோளாறைக் கையும் காதுமே சொல்லிவிடும். ஓடும்போது சக்‌ஷன் ஃபில்டர் முன்னால் உள்ளங்கையை வைத்தால் காற்று உள்ளே மட்டும்தான் இழுக்க வேண்டும். வெளியே குப்குப்பென்று தள்ளினால் இன்லெட் வால்வு போச்சு. மோட்டார் நின்றதும் பிரஷர் ஸ்விட்ச்சிலிருந்து 'ஸ்ஸ்' என்று இரண்டு, மூன்று வினாடி வருவது சரி. அது நிற்காமல் வந்தால் என்.ஆர்.வி. (டேங்க் காற்றைத் திரும்ப விடாத வால்வு) சீட்டில் அழுக்கு அல்லது தேய்மானம். பலர் இதற்குப் புது பிரஷர் ஸ்விட்ச் வாங்கி மாட்டிவிட்டு, சத்தம் நிற்காமல் முழிப்பார்கள். ஸ்க்ரூவில் டிஸ்பிளே எரர் காட்டும், அதோடு சரி. சூட்டில் ட்ரிப் ஆனால் முதலில் ஆயில் மட்டத்தையும் கூலரையும் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் கூலர் ஃபின்னில் பஞ்சு அடைத்திருப்பதே பாதிக் கேஸ்.

ஸ்பேரில் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் கிடையாது. கம்ப்ரஸர் கம்பெனி எல்ஜி (ELGi) பிறந்த ஊரான கோவையில் பிஸ்டன் ரிங், கேஸ்கெட் எல்லாம் சிரமமில்லாமல் கிடைக்கும். வெளிக் கம்பெனிச் சரக்கும் பாதகமில்லை. ஸ்க்ரூவின் ஆயிலிலும், காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரிலும் மட்டும் காசு பார்க்காதீர்கள். மட்டமான செபரேட்டர் போட்டால் ஆயில் லைனுக்குப் போகும். வேறு வேறு ஆயிலைக் கலந்தால் உள்ளே பிசினாகப் படியும். மெஷினில் காற்றால் இயங்கும் சிலிண்டர் ஐ.எஸ்.ஓ. 15552 என்ற சர்வதேச அளவு என்றால் ஃபெஸ்டோ கம்பெனியுடையது இருந்த இடத்தில் ஜனாடிக்ஸ் கம்பெனியுடையதை மாட்டலாம், மவுண்டிங் ஒத்துப்போகும். சீல் கிட் மட்டும் அந்தந்தக் கம்பெனியுடையதே. இறக்குமதி மெஷின் என்றால் த்ரெட்டையும் பாருங்கள்: பிரிட்டிஷ் முறையான பி.எஸ்.பி.யில் கால் இஞ்ச் அளவுக்கு இஞ்ச்சுக்கு 19 மரை, அமெரிக்க முறையான என்.பி.டி.யில் 18. இரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு லீக்.

லீக் என்றதும் ஞாபகம் வருகிறது. 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று 7 பாரில் இருபது சி.எஃப்.எம்.முக்கு மேல் விழுங்கும், அதாவது உங்கள் 10 எச்.பி.யில் பாதி. ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். 2 நிமிஷம் லோடு, 6 நிமிஷம் சும்மா என்றால் நாலில் ஒரு பங்கு லீக்கில் போகிறது. அதை அடைத்தபின் பழைய பிஸ்டனே போதும் என்று தெரிந்தாலும் தெரியலாம். ஸ்க்ரூ வந்தே தீர வேண்டுமென்றால் பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லைனை மூடித் திறக்க ஒரு பால் வால்வும் (ball valve) என்.ஆர்.வி.யும் போட்டு அதே லைனில் ஸ்டாண்ட்பையாக வையுங்கள். சர்வீஸ் ஆள் வரும்வரை வேலை நிற்காது.