மயக்க மருந்து கிளினிக்: கதிரைக்குக் குறைந்த மார்க், டொக்டருக்கு முழு மார்க்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஒப்பரேஷன். அதற்கு முதல் மயக்க மருந்து கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஏழு மணிக்கு நம்பர் எடுத்தோம், கூப்பிடும்போது பன்னிரண்டரை. கதிரை போதாது. படிவத்தில் ஒரு வரி தமிழ் இல்லை, வரிசையில் பாதிப்பேர் கொழுந்து பறிக்கிற சனம்!

உள்ளே போனதும் கோபம் இறங்கிவிட்டது. டொக்டருக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் அவசரப்படவில்லை. "முந்தி மயக்கம் கொடுத்ததா? பிறகு காய்ச்சல், கண் மஞ்சள் வந்ததா?" அம்மா இல்லைங்க என்று தலையாட்டிவிட்டார். நான்தான் இடையில் புகுந்தேன். 1994இல் ஒரே மாதத்தில் இரண்டு ஒப்பரேஷன். இரண்டாவது முடிந்து ஒரு வாரத்தில் செங்கமாரி. லயத்தில் எல்லாரும் பீலித் தண்ணியைக் குறை சொல்லி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். அந்தக் காலத்தில் ஹலோதேன் என்ற வாயுவைத்தான் பரவலாகக் கொடுத்தார்களாம். உள்ளே போவதில் ஏறக்குறைய 20 வீதம் ஈரலில் உடையும். அந்தத் துணுக்குகள் ஈரலின் புரதத்தில் ஒட்டிக்கொள்ள, சிலருக்கு உடம்பே தன் ஈரலைத் தாக்கத் தொடங்கும். அடிக்கடி நடப்பதில்லை, பல ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் உயிரே போகலாம். கிட்டக்கிட்டக் கொடுத்தால் ஆபத்து கூடும். ஐசோஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க வாயு 0.2 வீதம்தான் உடைகிறது என்றாலும் அதே வகைத் துணுக்கு என்பதால் அதுவும் அம்மாவுக்கு வேண்டாம் என்றார். செவோஃப்ளூரேன் என்ற வாயுவில் அந்தத் துணுக்கு வராதாம். இருந்தும் அவர் வாயுவே இல்லாமல், இரத்த நாளம் வழியாக புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தைக் கொடுக்க முடிவெடுத்தார். ஈரல் இரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

"பழைய கார்ட் இருந்தா நிச்சயமா சொல்லலாம்," என்றார். எங்கே இருக்கிறது? லயத்துக் கூரை ஒழுகின வருடம் எல்லாம் கூழாகிவிட்டது.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்று வாரமாகக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மஞ்சள் இல்லை. கிளினிக் கொப்பியில் சிவப்பு மையில் 'ஹலோதேன் கூடாது' என்று எழுதித் தந்திருக்கிறார். கீழே தமிழில் நான் எழுதினேன். அம்மா அதை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, ஈபிஎஃப் காகிதங்களோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.