கும்பகோணம் அருகே பழைய மனையில் புதிய வீடு: வடிவமைப்பாளர்களின் வேலை எப்படி இருந்தது?

தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு இனித் தாங்காது என்றான பிறகு, அதே மனையில் புதிய வீடு கட்டும் பொறுப்பைக் கும்பகோணம் பகுதியிலுள்ள ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்திடம் ஒப்படைத்தோம். குடியேறி இரண்டு ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டதால், அவர்களுடைய வேலையைப் பற்றி இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

பழைய வீட்டில் கை வைப்பதற்கு முன் இரண்டு நாள் தங்கி, திண்ணையின் உயரம், வாசலிலிருந்து கூடத்துக்குச் செல்லும் நடையான ரேழியின் அகலம், தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு உள்ள இறக்கம் என்று அனைத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். அந்த அக்கறையின் பலன் கூடத்தில் தெரிகிறது. அங்குள்ள நான்கு தேக்குத் தூண்களும் பழைய வீட்டுத் தூண்களே. தரை ஈரமும் கரையானும் ஏறாதிருக்க, முன்பிருந்தது போலவே ஒவ்வொன்றையும் கருங்கல் பாதத்தின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். தூணின் தலையில் வாழைப்பூ கவிழ்ந்து தொங்குவது போல் செதுக்கிய போதிகை, தாழ்வாரக் கூரையின் மர உத்திரத்தை உண்மையாகவே தாங்குகிறது; கான்கிரீட்டுக்கு அடியில் அழகுக்காக ஒட்டவைத்த மரத்துண்டாக அது இல்லை. தாத்தா சாய்ந்து உட்காரும் தூணில் எண்ணெய் ஏறிக் கறுத்த இடத்தை இழைக்காமல் விட்டதற்கு என் அம்மா இன்றும் அவர்களை வாழ்த்துகிறார்.

பத்துக்கு எட்டடி முற்றத்தைக் கண்ணாடியால் மூடச் சொன்னது நான்தான். கூடத்துச் சூடு மேலெழுந்து வெளியேற அதுதான் வழி என்று விளக்கி மறுத்தவர்கள், குரங்குகளுக்காகக் கம்பிவலை மட்டும் போட்டார்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டுமே போதுமானதாக இருப்பதைப் பார்க்கும்போது, அவர்கள் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று.

வெளிப்புறத்தில் இதே கவனம் இல்லை. முன்பக்க ஜன்னல்களுக்கு மேல் கோயில் கொடுங்கையைப் போல் சிமெண்டில் ஒரு வளைவு வைத்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கொடுங்கை சுவரை விட்டு நன்றாக வெளியே நீண்டு வளைந்து, மழைநீரைச் சுவரில் படாமல் இறக்கிவிடுகிறது. எங்கள் வீட்டு வளைவோ நான்கு அங்குலமே நீண்டது, அடியில் நீர் சொட்டுவதற்கான பள்ளமும் இல்லை. முதல் மழையிலேயே தண்ணீர் அடிப்பக்கமாகத் திரும்பி ஓடிச் சுவரில் கறை படிந்தது. புகார் சொன்னதும் வந்து பள்ளம் வெட்டிக் கொடுத்தார்கள். கறை குறைந்திருக்கிறது, நீளக் குறைவை இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

ரேழியில் பதித்தவை ஆத்தங்குடிக் கற்கள். சூளையில் சுடாமல், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்யப்படுபவை அவை. பெயிண்ட் வேலை முடிந்ததும் அவர்களுடைய ஆட்கள் அவற்றை ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். சிமெண்டை அரிக்கும் ஆசிட் பட்ட இடத்தில் செம்மண் நிறம் வெளுத்துப்போனது. பன்னிரண்டு கற்களைத் தங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாடி எடுக்கும்போதும் இவர்களிடமே கொடுப்பேன். ஆனால் வெளிச்சுவரில் வரும் ஒவ்வொரு அலங்காரத்துக்கும் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று காட்டும் முழு அளவு வெட்டுத்தோற்ற வரைபடம் கைக்கு வந்த பிறகே கொத்தனாரைச் சாரம் ஏறச் சொல்வேன்.