வேரிகேட்டட் நூலோட ரெண்டு கலர் ஷால்: கூட ப்ளெயினா, இன்னொரு வேரிகேட்டடா?

ஷால் பின்ன வேரிகேட்டட், அதாவது ஒரே நூல்லயே கலர் மாறிமாறி வர்ற நூல் ஒண்ணு இருக்கு, ரெண்டாவதா ப்ளெயின் (முழுக்க ஒரே கலர்) எடுக்கறதா இன்னொரு வேரிகேட்டடான்னு குழம்பறவங்களுக்கு.

டிசைன்:
ப்ளெயின் – கோடு கோடா பளிச்சுனு நிக்கும்.
வேரிகேட்டட் – ரெண்டுலயும் ஒரே ஷேட் பக்கத்துல பக்கத்துல வர்ற இடமெல்லாம் கலங்கிப் போயிடும், கஷ்டப்பட்டு போட்ட லேஸ் (ஓட்டை ஓட்டையா வர்ற டிசைன்) கண்ணுக்கே தெரியாது, எனக்கு அதான் ரொம்ப வலிச்சுது. அதனால பின்ன ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் சேர்த்து வச்சு போன்ல பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டோ எடுங்க, ஒண்ணு வெளுப்பா ஒண்ணு கருப்பா தெரிஞ்சா தைரியமா போடலாம், ரெண்டும் ஒரே சாம்பலா இருந்தா வேண்டவே வேண்டாம்.

கலர் திட்டுத்திட்டா சேர்றது:
ப்ளெயின் – நடுநடுவுல வந்து திட்ட உடைச்சிடும்.
வேரிகேட்டட் – எங்க எப்படி சேரும்னு சொல்லவே முடியாது.

சாயம்:
ப்ளெயின் – வெளிர் கலரா இருந்தா பக்கத்து நூலோட சாயம் இறங்கலாம், துண்டு நூல ஊறவச்சு பாத்துடுங்க.
வேரிகேட்டட் – லேசா இறங்கினாலும் அவ்வளவா தெரியாது.

ஈஸி ரெண்டும் ஒண்ணுதான், 2 வரிசைக்கு ஒருதடவ மாத்தினா வெட்டாம ஓரத்துலயே நூல ஏத்திட்டு போயிடலாம்.

லேஸ், மொசைக் (ரெண்டு கலர்ல கட்டம் கட்டமா வர்ற டிசைன்)னா கண்ண மூடிட்டு ப்ளெயின் எடுங்க. வெறும் கார்டர் ஸ்டிட்ச்தான் (எல்லா வரிசையும் ஒரே சாதா பின்னல்), மிச்ச நூல தீர்க்கணும்னா ரெண்டு வேரிகேட்டடும் அழகாத்தான் இருக்கும்.