ஃபேமிலி லிங்க்: கேமைப் பூட்டும், யூடியூப்புக்கு ஓடுவதைப் பூட்டாது

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்களில் ராத்திரி முழுக்க உட்காரும் பிள்ளைக்கு நேரக் கட்டுப்பாடு வைக்க கூகுளின் ஃபேமிலி லிங்க் நல்ல ஆப். இலவசம். பெற்றோரிடம் ஐபோன் இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளையிடம் இருப்பது ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும்.

நிறுவிய அன்றே கேமை பிளாக் செய்துவிடாதீர்கள். ஒரு ஆப்புக்கு ஒரு நாளில் இவ்வளவு நேரம் என்று வைக்கும் ஆப் லிமிட்டையும் கணக்குப் பார்த்து வையுங்கள். மேட்ச் முடிந்ததா என்று அது பார்க்காது, நேரம் தீர்ந்ததும் மூடிவிடும். பிஜிஎம்ஐயின் எராங்கல் மேப்பில் கடைசி வட்டம் வரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்ச் அரை மணி நேரம் ஓடும். 45 நிமிடம் வைத்தால் இரண்டாவது மேட்ச் பாதியில் அறுந்துபோகும், ரேங்க் புள்ளி போகும், கூட ஆடும் ஸ்குவாடில் (அணியில்) இருப்பவர்கள் திட்டுவார்கள். போனைத் தூக்கி எறிகிற அந்தக் கோபத்தை வைத்து, பிள்ளை அடிமையாகிவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. முதலில் 70 நிமிடம் கொடுங்கள்: இரண்டு மேட்ச், லாபியில் காத்திருக்கும் நேரமும் சேர்த்து. பழகிய பின் ஒரு மேட்ச் அளவுக்குக் குறையுங்கள்.

கேமை விட்டதால் வரும் தொல்லை வேறு. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோய்க் கையேடு எரிச்சல், பதற்றம், சோகம் ஆகியவற்றைச் சொல்கிறது. குடியை நிறுத்தினால் கை நடுங்குவதுபோல உடலில் எதுவும் தெரியாது. அதனால்தான் பெற்றோர் இதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்த ஆப்பின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கேமில் குறைந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் அதே கேமின் யூடியூப் லைவுக்குப் போகும், இல்லையென்றால் ரீல்ஸுக்கு. கேம் நேரம் குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், எந்த ஆப்பின் நேரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஃபேமிலி லிங்கின் பயன்பாட்டுக் கணக்கில் அது தெரியும். யூடியூப்புக்கும் குரோமுக்கும் தனித்தனி லிமிட் வையுங்கள், பிரவுசரிலேயே ஓடும் கேம்கள் ஏராளம். டெய்லி லிமிட் (ஒரு நாளுக்கான மொத்த போன் நேரம்) ஒவ்வொரு போனுக்கும் தனி என்பதால், அலமாரியில் கிடக்கும் பழைய போனில் பிள்ளையின் கணக்கு இருந்தால் நேரம் இரட்டிப்பாகும். தாத்தாவின் போனும் ஹால் டிவியும் இந்தக் கணக்கிலேயே வராது.

எதை இழந்ததால் இந்தத் தவிப்பு என்று தெரிந்துகொண்டால் மாற்று ஏற்பாடு எளிது. பல பிள்ளைகளுக்கு ஏக்கம் துப்பாக்கி மீது இல்லை, இரவு ஒன்பது மணிக்கு ஹெட்செட்டில் கேட்கும் நண்பர்களின் குரல் மீதுதான். அப்படியானால் அந்த நேரத்தில் வாட்ஸ்அப் காலைத் தடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பை "எப்போதும் அனுமதி" பட்டியலில் வையுங்கள், கேமை மட்டும் பூட்டுங்கள். சவாலும் வெற்றியும்தான் தேவை என்றால் பேச்சு போதாது. மாலையில் ஷட்டில், கேரம் என்று ஜெயிக்கவும் தோற்கவும் கூடிய ஒன்று வேண்டும். "போய்ப் படி" என்பது இரண்டுக்குமே மாற்று ஆகாது.

சில வாரம் கழித்தும் தூக்கமும் சாப்பாடும் பள்ளிக்கூடமும் சரியாகவில்லை என்றால் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.