அடுக்குக்குறி அட்டை செட்: விடைத்தாளோடு எனக்கு ஒரு தீராத சண்டை

பிளஸ் ஒன் கணக்குக்கான அடுக்குக்குறிச் சார்பு அட்டை செட் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று கூடலூரில் டியூஷன் எடுக்கும் தோழி கேட்டார். கோத்தகிரியில் என் வகுப்பில் இந்த செட் மழைக்காலம், பனிக்காலம் எல்லாம் பார்த்துவிட்டது. சார்புகள், அதாவது எக்ஸ் கொடுத்தால் ஒய் சொல்லும் சூத்திரங்கள் ஒரு கட்டு, வரைபடங்கள் ஒரு கட்டு, ஜோடி சேர்க்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த விஷயம். லேமினேஷன் ஓரமெல்லாம் பிரிந்து ஈரம் ஏறிவிட்டது. இந்த ஊர் மூடுபனியில் எதுதான் பிரியாது? அதை விடுங்கள்.

என் கோபம் செட்டோடு வரும் விடைத்தாள் மேல், எதற்கு எது ஜோடி என்று சொல்லும் தாள். ½-ன் அடுக்கு எக்ஸ் என்று ஓர் அட்டை, 2-ன் அடுக்கு மைனஸ் எக்ஸ் என்று இன்னோர் அட்டை. இரண்டும் ஒரே சார்பு. ஆனால் விடைத்தாள் இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் சொல்கிறது. ஒன்றில் ஒய் அச்சில் ஒரு கட்டம் 1, மற்றதில் ஒரு கட்டம் 2. அதனால் ஒன்று செங்குத்தாகவும் மற்றது படுத்தும் தெரிகிறது, அவ்வளவுதான். மாற்றி வைத்தால் தப்பாம்! பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு அட்டையிலும் விரல் வைத்து, பூஜ்யத்தில் 1, ஒன்றில் ½, இரண்டில் ¼ என்று எண்ணிவிட்டு, “மிஸ், ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள். அச்சடித்தவர்களுக்கு இது தோன்றவில்லை.

அடுத்தது கோட்டின் தடிமன். தேயும் வளைவு வலப்பக்கம் போய் எக்ஸ் அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. “தொட்டுடுச்சு” என்கிறார்கள் பிள்ளைகள். எக்ஸ் 10-ல் மதிப்பு 1/1024. ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர் என்றால் அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எந்தப் பேனாவாலும் அதைக் காட்ட முடியாது, சரி. தொடாது என்று ஓரத்தில் ஒரு வரி போட்டிருக்கலாமே?

ஆனால் அட்டைகளைத் தேர்ந்தெடுத்தவர் ஆள் கெட்டிக்காரர். 3 பெருக்கல் 2-ன் அடுக்கு எக்ஸ், 2 பெருக்கல் 3-ன் அடுக்கு எக்ஸ் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். எக்ஸ் 1-ல் இரண்டுமே 6. அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்த்து வைக்கிற அவசரக்காரர்கள் அங்கேயே மாட்டுவார்கள். ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது என்று முதலில் பார், அப்புறம் ஒன்றில் உள்ள உயரத்தைப் பூஜ்யத்தில் உள்ள உயரத்தால் வகு, அதுதான் அடிமானம், அடுக்கு ஏறுகிற எண். 1-க்கு மேல் என்றால் வளர்ச்சி, கீழே என்றால் தேய்வு. நான் வாய் வலிக்கச் சொன்னது இந்த இரண்டு அட்டையில்தான் அவர்களுக்கு ஏறியது.

அதைவிட அருமை, சூடான தேநீர் ஆறுவதைக் காட்டும் அட்டை. 25 கூட்டல் 65 பெருக்கல் 0.9-ன் அடுக்கு நிமிடம். வளைவு 90 டிகிரியில் தொடங்கி அறையின் வெப்பநிலையான 25-ஐ நோக்கி இறங்குகிறது. ஒன்றில் உள்ள உயரத்தை அப்படியே 90-ஆல் வகுத்துப் பார்த்தால் 0.9 வராது, முதலில் இரண்டிலும் 25-ஐக் கழிக்க வேண்டும். “இங்க டிசம்பர்ல வீட்டுக்குள்ளயே 25 இருக்காது மிஸ்” என்று ஒருவன் சொல்ல, எல்லோருமாக 14 வைத்துத் திரும்ப வரைந்தார்கள். தொலைத் தொடுகோடு, அதாவது வளைவு நெருங்கிக்கொண்டே போகும் கோடு என்பதை அன்றைக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை.

காற்றழுத்த அட்டை மட்டும் வீண். உயரம் ஏற ஏற அழுத்தம் தேய்வது அடுக்குக்குறியாகத்தான். ஊட்டி உயரத்தில் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆனால் அட்டையில் 2 கிலோமீட்டரோடு வரைபடத்தை வெட்டிவிட்டார்கள். அந்தத் துண்டு நேர்கோடு போலத்தான் தெரியும். பிள்ளைகள் நேர்கோடு என்றால் யார் மேல் குற்றம்?

இந்த விலைக்கு இப்படிப்பட்ட விடைத்தாள் அநியாயம், வாங்காதீர்கள் என்றுதான் தோழிக்கு எழுத உட்கார்ந்தேன். சரி, அப்படியென்றால் உங்கள் செட்டையாவது ஒரு மாதம் கொடுங்கள் என்கிறார். அது முடியாது. வாங்கிக்கொள்ளுங்கள், விடைத்தாளை மட்டும் அடுப்பில் போடுங்கள்.