டிராயிங்கில் படமும் அட்டவணையும்: இணைப்பதா, உள்ளேயே பதிப்பதா?

ஆட்டோகேட் மென்பொருளில் வரைந்த டிராயிங் நம் கணினியில் இருக்கும்வரை இந்தக் கேள்வி எழாது. லோகோ, ஸ்கேன் செய்த சர்வே படம், கதவு ஜன்னல் அட்டவணை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சைட்டுக்கு மெயில் போன பிறகுதான் போன் வரும்: "சார், சர்வே படம் வரல. வெறும் கட்டம்தான் இருக்கு, அதுக்குள்ள ஏதோ ஃபோல்டர் பேரு தெரியுது."

காரணம் எளிது. அட்டாச் கொடுத்துச் சேர்க்கும் படம் டிராயிங் ஃபைலுக்குள் (டிடபிள்யூஜி) போவதில்லை. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே போகிறது. ஃபைல் கனக்காது, படத்தை மாற்றினால் டிராயிங்கிலும் மாறும். பெரிய ஸ்கேன்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முழு முகவரிக்குப் பதில் ரிலேட்டிவ் பாத், அதாவது டிராயிங் இருக்கும் ஃபோல்டரை வைத்துச் சொல்லும் முகவரி, வைத்தால் போதும். ஆட்டோகேட் 2018 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு அமைப்பு. அனுப்பும்போது ஈடிரான்ஸ்மிட் கட்டளை கொடுத்தால் டிராயிங்கையும் படங்களையும் ஒரே ஜிப்பாகக் கட்டித் தரும். வாங்குபவர் ஜிப்பை முழுதாக விரித்துவிட்டுத் திறக்க வேண்டும். அதை மெயிலிலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று பலர் போவது ஓஎல்இ பக்கம், அதாவது வேறு மென்பொருளின் ஃபைலை டிராயிங்குக்குள் ஒட்டும் முறை. எக்செலில் காப்பி செய்து டிராயிங்கில் பேஸ்ட் செய்தால் அட்டவணை ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும், தனியாக எதையும் அனுப்ப வேண்டாம். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை கம்பி அட்டவணையின் இருபது வரிகளை மட்டும் எடுத்து ஒட்டி, டிராயிங்கைக் கான்ட்ராக்டருக்கு அனுப்பினேன். அவர் அட்டவணை மேல் டபுள் கிளிக் செய்திருக்கிறார். எக்செல் திறந்தது, கீழே அத்தனை ஷீட்டும் வரிசையாக நின்றன, எங்கள் ரேட் கணக்கு உட்பட. இருபது வரிகளை ஒட்டினாலும் உள்ளே போவது முழு வொர்க்புக் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பேரத்தில் எங்களுக்குக் கை தாழ்ந்துபோனது. வெளியே போகும் டிராயிங்கில் எக்செலை இப்படி ஒட்டாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். இது போக, நீளமான ஷீட் பாதியில் வெட்டுப்படுவதும் பிரிண்ட்டில் எழுத்து மங்குவதும் உண்டு. மேக் ஆட்டோகேடில் ஓஎல்இ-க்கு இடமே இல்லை.

அட்டவணைக்குச் சரியான வழி டேட்டா லிங்க். டேபிள் கட்டளையில் எக்செலின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் காட்டினால், அது ஆட்டோகேடின் சொந்த அட்டவணையாக வந்து நிற்கும். எக்செல் ஃபைல் டிராயிங்கோடு போகாவிட்டாலும் கடைசியாக அப்டேட் ஆன எண்கள் அப்படியே இருக்கும், மற்ற ஷீட்டுகள் எட்டிப் பார்க்காது. செல்கள் பூட்டியே வருவதால் தவறுதலாக யாரும் திருத்திவிடவும் மாட்டார்கள். ஈடிரான்ஸ்மிட் பட்டியலில் எக்செல் ஃபைல் தெரிந்தால் மட்டும் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். முதல் தடவை அமைக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் லோகோ. சின்னப் படம்தானே என்று பெயிண்ட் வழியாக ஓஎல்இ-யாக ஒட்டுவார்கள். நிற்கும், ஆனால் டைட்டில் பிளாக்கை (டிராயிங்கின் பெயர், விவரம் எழுதும் கட்டம்) திருப்பினால் லோகோ அதோடு சேர்ந்து திரும்பாமல் அடம்பிடிக்கும். அதைவிட, லோகோவை வடிவமைத்தவரிடம் வெக்டர் பிடிஎஃப் (புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வரைந்தது) கேட்டு வாங்கி, ஆட்டோகேட் 2017 பதிப்பில் வந்த பிடிஎஃப் இம்போர்ட் கட்டளையில் உள்ளே எடுங்கள். கோடுகளும் நிரப்பிய பகுதிகளும் ஆட்டோகேட் பொருள்களாகவே வந்துவிடும். அதை டைட்டில் பிளாக்கில் சேர்த்துவிட்டால் ஃபைல் எந்தக் கணினிக்குப் போனாலும் லோகோ காணாமல் போகாது. ஆனால் அந்த பிடிஎஃப்புக்குள் இருப்பது ஜேபெக் படமாக இருந்தால் பயனில்லை. அது தனிப் பட ஃபைலாகப் பிரிந்து வந்து, மறுபடியும் முகவரியோடுதான் இணையும்.