மீன்பிடி ரீலில் பிரெய்டுக்கு அடியில் டேப்பா, தங்கூசியா, ஒன்றுமே வேண்டாமா?

போன கார்த்திகையில் காவிரிக் கரைப் பூலாம்பட்டியில், பரிசல் துறைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மீன் மாட்டியது. கட்லாவா வாளையா என்று இன்றுவரை தெரியாது, நான் அதைப் பார்க்கவே இல்லை. ராடு வளைந்து நிற்கிறது, நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன், லைன் மட்டும் ஒரு முழம்கூட உள்ளே வரவில்லை. ட்ராக் (மீன் இழுக்கும்போது லைன் எவ்வளவு இறுக்கமாக வெளியே போக வேண்டும் என்று வைக்கும் திருகு) லூசாகிவிட்டது என்று நினைத்து முடுக்கினேன், இன்னும் முடுக்கினேன், அதற்கு மேல் திருகு போகாது என்கிற இடம் வரை முடுக்கினேன், அப்பவும் அதே கதை. பக்கத்தில் நின்ற மாப்ளே “ரீல் போச்சுடா” என்றான். மீன் முள்ளை உதறிவிட்டுப் போன பிறகு நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால், ஸ்பூல், அதாவது லைன் சுற்றும் உருளை, அசையாமல் இருக்கிறது, அதன் மேல் சுற்றியிருந்த 150 மீட்டர் பிரெய்டும் மொத்தமாக, மணிக்கட்டில் போட்ட பெரிய வளையல் மாதிரி வழுக்கிச் சுற்றுகிறது.

ரீலில் ஒரு குறையும் இல்லை. பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நூல். வழவழப்பானது, இழுத்தால் கிட்டத்தட்ட நீளவே நீளாது. நம்ம பழைய தங்கூசி நைலான், இழுத்துச் சுற்றினால் நீண்டு, பிறகு சுருங்கி, ஸ்பூலின் அடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிரெய்டுக்கு அந்தப் பிடி கிடையாது. அதனால் வெறும் ஸ்பூலில் முடிச்சுப் போட்டுச் சுற்றினால் முடிச்சோடு சேர்ந்தே வழுக்கும். இதற்கு மூன்று வழி சொல்கிறார்கள், மூன்றையும் நான் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் சோம்பேறி வழி: ‘பிரெய்டு ரெடி’ என்று வரும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றுவது. அடியில் ரப்பர் பட்டையோ சொரசொரப்பான பள்ளமோ இருக்கும், அது பிடித்துக்கொள்ளும். வேலை செய்கிறது, பொய் இல்லை. ஆனால் 3000 அளவு ரீலை 0.20 மி.மீ பிரெய்டால் மட்டுமே நிரப்ப முந்நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். நாம் எறிவது முப்பது நாற்பது மீட்டர், பெரிய மீன் ஓடினாலும் நூறைத் தாண்டுவது அபூர்வம். அடியில் கிடக்கும் மிச்சம் வெயிலையே பார்க்காமல் கிழடாகும். காசு இருக்கிறவர்கள் செய்யட்டும்.

இரண்டாவது, இன்சுலேஷன் டேப். ஸ்பூல் அடியில் ஒன்றோ இரண்டோ சுற்று ஒட்டி, அதன் மேல் பிரெய்டை முடிந்து சுற்றுவது. இருபது ரூபாய்க்குள் முடிகிற சமாச்சாரம், இணைப்பு முடிச்சே வேண்டாம். ஏரியில் விராலுக்குத் தவளை எறிகிறவர்களுக்கு, அதுவும் ஆழம் குறைந்த சின்ன ஸ்பூல் என்றால், இது போதும், இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஆனால் பெரிய ஸ்பூலில் டேப் பிடிப்பைத்தான் தரும், உயரத்தைத் தராது. 150 மீட்டரைச் சுற்றி முடித்தபின் விளிம்புக்கும் லைனுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் பள்ளம் நிற்கும், எறியும்போது ஒவ்வொரு வளையமும் அந்த விளிம்பில் உரசிக்கொண்டே ஏறி வர வேண்டும், தூரம் கண்ணெதிரே குறையும். இன்னொன்று, சேலம் சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் ரீலைப் போட்டுவைத்தால் டேப்பின் பசை இளகி ஓரத்தில் பிசுபிசுவென்று வழியும். என் ஸ்பூலில் அடிச்சுற்று பத்துப் பதினைந்து வளையம் அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாவதுதான் என் ஓட்டு: அடியில் தங்கூசி, மேலே பிரெய்டு. எவ்வளவு தங்கூசி என்று தெரியாமல்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், கணக்கு சுலபம். ரீலில் 0.30 மி.மீ, 150 மீட்டர் என்று போட்டிருந்தால் தடிமனைத் தடிமனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குங்கள்: 0.30 × 0.30 × 150 = 13.5. இது ஸ்பூலின் மொத்தக் கொள்ளளவு. உங்கள் பிரெய்டு 0.20, 150 மீட்டர் என்றால் 0.20 × 0.20 × 150 = 6. மிச்சம் 7.5. அதை 0.30 தங்கூசியால் நிரப்ப, 7.5-ஐ 0.09-ஆல் வகுத்தால் 83 மீட்டர். நான் 80 சுற்றுவேன், பிரெய்டு டப்பாவில் போட்டிருக்கும் தடிமனை முழுசாக நம்ப முடியாது. இலக்கு என்னவென்றால், கடைசியில் விளிம்புக்கு இரண்டு மி.மீ கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் நிரப்பினால் ஒரே எறியில் பத்து வளையம் சேர்ந்து கிளம்பிக் குருவிக்கூடு கட்டிவிடும், பிரெய்டு குருவிக்கூட்டைப் பிரிப்பதற்குப் பதில் கத்தரிக்கோலே மேல்.

இணைப்புக்கு இரட்டை யூனி முடிச்சு போதும், தங்கூசிப் பக்கம் ஐந்து சுற்று, பிரெய்டுப் பக்கம் எட்டு, இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டுவிடுங்கள். வாலை ஒட்ட நறுக்குங்கள், நெருப்புக் காட்ட வேண்டாம், பிரெய்டு சூட்டுக்கு உடனே உருகும். இந்த வழியின் குறை என்றால் இந்த முடிச்சுதான், சரியாகப் போடாவிட்டால் 150 மீட்டரையும் மீனோடு அனுப்பிவைப்பீர்கள். அப்புறம், தங்கூசியை ஸ்பூலில் முடியும் முன் பெய்ல் கம்பியை (லைனைப் பிடித்து ஸ்பூலில் சுற்றிவிடும் வளைந்த கம்பி) திறந்து வையுங்கள். மூடிய பெய்லோடு முடிந்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றி, ஏன் ஏறவில்லை என்று முழிப்பது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று நம்புகிறேன்.

சரி, அடியில் என்ன என்பது தீர்ந்தது. ஆனால் எவ்வளவு இறுக்கி என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டவுனில் ஒரு கடையில் மெஷினில் சுற்றித் தந்தார்கள், இரண்டே நிமிடம், பார்க்க அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்து திண்ணையில் வைத்திருந்தேன். எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் பாதி வீடு தறி வீடு, எதிர்வீட்டு அக்கா முப்பது வருஷமாகத் தார் சுற்றுகிறவர், அதாவது தறி நாடாவுக்குள் போடும் ஊடை நூல் கட்டையைச் சுற்றுகிறவர். ஸ்பூலைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, “என்னங்க தம்பி, இழை இளகலா கெடக்குது, இந்தத் தார நாடாவுல போட்டா ரெண்டு ஓட்டத்துல சிக்கிக்கும்” என்றார். நான் சிரித்தேன். மறுநாள் முதல் மீன் இழுத்த இழுப்பில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்தது, அடுத்த எறியில் லைன் நடுவானில் பட்டென்று நின்றது, லூர் (போலி இரை) மட்டும் தனியாக அக்கரை நெரிஞ்சிப்பேட்டையைப் பார்த்துப் பறந்தது.

அதனால் கடை மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்தில் நின்று இறுக்கத்தைக் கூட்டச் சொல்லுங்கள், சுற்றியதும் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். வீட்டில் என்றால் ஒருவர் பிரெய்டுச் சுருளைப் பென்சிலில் கோத்து இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஈரத்துணியில் லைனைக் கிள்ளிப் பிடித்தபடி சுற்றலாம். வெறும் விரலால் பிடிக்காதீர்கள், நூல் பிளேடு மாதிரி இறங்கும். ஆள் இல்லையா, எப்படியோ ஏற்றிவிட்டு ஒரு தென்னந்தோப்புக்குப் போய் நுனியை மரத்தில் கட்டி, பெய்லைத் திறந்துவிட்டு எண்பது மீட்டர் நடந்து போங்கள். பிறகு பெய்லை மூடி, ராடை லேசாக வளைத்தபடியே சுற்றிக்கொண்டு மரத்தை நோக்கி வாருங்கள். எனக்கு இதுதான் பிடித்தது. மெஷினைவிட நேரமாகும், ஆனால் எறிகிற அளவு லைன் முழுக்க ஒரே இறுக்கத்தில் உட்காரும். சின்ன மீன் பிடிக்கிறவர்கள்கூட இதைத் தவிர்க்க வேண்டாம்.

தங்கூசி அடி போட்டவர்களுக்கு இன்னொரு லாபம், ஒரு வருஷத்தில் முன்பாதி பிரெய்டு வெளுத்துப் பஞ்சு பஞ்சாகும்போது இணைப்பில் வெட்டி, திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம், அடியில் கிடந்த பாதி புதுசாக இருக்கும். மாப்ளே மட்டும் இன்னும் டேப்தான். போன வாரம் அவன் ஸ்பூல் அடியைச் சுரண்ட மண்ணெண்ணெய் கேட்டு வந்தான்.